இருபத்தாறு என்றால் எந்த இருபத்தாறு?

போன ஆடிக் கிருத்திகைக்கு நாலு நாள் இருக்கும்போது பேத்தியின் லேடீஸ் சைக்கிளில் பின் டயர் பக்கவாட்டில் கிழிந்து, டியூப் வெளியே பிதுங்கிவிட்டது. திருவிழா நாட்களில் திருத்தணி முழுக்கக் காவடிக் கூட்டம். பஸ்ஸை நம்பினால் டியூஷனுக்குப் போய்ச் சேர முடியாது. வேறு வேலையாக அரக்கோணம் போயிருந்த நான், அங்கே ஒரு கடையில் “26 டயர் ஒண்ணு குடுங்க” என்று கேட்டேன். எடுத்துக் கொடுத்தார்கள். பட்டை பட்டையாகப் பார்க்க நன்றாக இருந்தது, விலையும் குறைவு. வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் வைத்து மாட்டினால் ஏறவில்லை. ஒரு பக்கம் ரிம்முக்குள் இறங்கினால் மறுபக்கம் எழும்பி நிற்கிறது. பொன்பாடி, மத்தூர் பக்கமெல்லாம் முப்பது வருஷத்துக்கு மேல் சைக்கிளில் தபால் கொடுத்தவன் நான். கையால் எத்தனையோ டயர் கழற்றி மாட்டியிருக்கிறேன். ஆனாலும் அன்று சாயங்காலம் வரை போராடி, டயரின் ஓரம் நைந்ததுதான் மிச்சம். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தால், ஓரம் நைந்த டயரைக் கடைக்காரர் திருப்பி எடுப்பாரா? எடுக்கவில்லை.

எங்கள் தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் நகரி பக்கத்துக்காரர். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியும் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர்தானே, இங்கே தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். நான் கொண்டுபோன புது டயரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தவர், “இதி காது (இது இல்லை), போஸ்ட்மேன் சார்” என்று ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்தார். பொடி எழுத்தில் 47-559 என்று இருந்தது. பிறகு கிழிந்த பழைய டயரை எடுத்து, வேட்டித் தலைப்பால் மண்ணைத் துடைத்துக் காட்டினார். அதில் 37-590.

முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், டயரின் கம்பி ஓரம் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். 559க்கும் 590க்கும் 31 மில்லிமீட்டர் வித்தியாசம். எப்படி ஏறும்? இரண்டையும் கடையில் 26 என்றுதான் சொல்கிறார்கள். 26 × 1⅜ என்றால் 590. மலையேறும் சைக்கிள் மாதிரி தடித்த டயர் போட்ட வண்டிகளில் 26 × 1.75, 26 × 2.125 என்று வருவது 559. 26 × 1½ என்று இன்னொன்று உண்டு, அது 584. இந்தக் கடைசிதான் அதிகம் ஏமாற்றும். 590 டயரை 584 ரிம்மில் போட்டால் சுலபமாக ஏறிவிடும், காற்று ஏற ஏற ஓரம் நழுவி டியூப் வெடிக்கும். கணக்கு வாத்தியாருக்கு 1.75ம் 1¾ம் ஒன்று. டயரில் அவை வேறு வேறு, 26 × 1¾ என்பதன் விட்டம் 571. என் பழைய கறுப்பு சைக்கிள் 28 × 1½, அதற்கு 635. 28 என்றே எழுதி 622 விட்டத்தில் வரும் டயரும் இருக்கிறது. ஆகவே கடைக்குப் போகும்போது பழைய டயரையே கையில் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் அந்த ஐந்து இலக்கத்தைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

அளவு தெரிந்த பிறகு தரம். லூதியானாவின் ரால்சன், மெட்ரோ, ஹைதராபாத்தின் ஹார்டெக்ஸ் என்று பெயர் தெரிந்த கம்பெனி டயர்களுக்கும் பெயரில்லாத டயருக்கும் நூறு ரூபாய்க்குள்தான் வித்தியாசம் இருக்கும். நான் முதலில் பார்ப்பது ஐ.எஸ்.ஐ. முத்திரை. டயருக்கு ஐ.எஸ். 2414, டியூபுக்கு ஐ.எஸ். 2415. அடுத்து, பக்கவாட்டை இரண்டு கட்டைவிரலாலும் மடக்கிப் பார்ப்பேன். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அந்த டயர் கடை வாசலில் வெயிலில் தொங்கிக் காய்ந்தது என்று அர்த்தம். எங்கள் ஊர் வெயிலில் ரப்பர் ஓடாமலே கிழடு தட்டிவிடும். அதனால் வாசலில் தொங்குவதை விட்டுவிட்டு, உள்ளே அடுக்கியிருப்பதில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

டியூபில் பியூட்டைல் என்று கேளுங்கள். அது செயற்கை ரப்பர், காற்றை வெகுநாள் பிடித்து வைக்கும். வெறும் இயற்கை ரப்பர் டியூபில் சீக்கிரம் காற்று இறங்கும், அடிக்கடி பம்பு அடிக்க வேண்டியிருக்கும். மடித்து வைத்த இடத்தில் கீறல் இருக்கிறதா, காற்றடிக்கும் மவுத் அடியில் ஒட்டு உறுதியாக இருக்கிறதா என்று விரித்துப் பார்த்துவிடுங்கள். கறுப்பு சைக்கிளில் நாம் பார்க்கும் அந்த மவுத்துக்கு இன்றைக்கும் டன்லப் வால்வு என்றுதான் பெயர். பெல்பாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயர் செய்து காப்புரிமை பெற்றது 1888ல்.

புதிய டியூப் வாங்குவதற்கு முன்னால் பழைய டியூபைப் படித்துப் பாருங்கள். எனக்கு இதைவிட முக்கியமான வேலை வேறில்லை. கொஞ்சம் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் எங்கே குமிழி வருகிறதோ அந்த இடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஓட்டை வெளிப்பக்கம் இருந்தால் முள். ரிம் பக்கம் இருந்தால் போக்ஸ் கம்பியின் முனை குத்துகிறது, ரிம் நாடா நைந்துவிட்டது. பத்துப் பதினைந்து ரூபாய் நாடாவை மாற்றாமல் எத்தனை டியூப் போட்டாலும் அங்கேயேதான் போகும். அருகருகே இரண்டு கீறல் இருந்தால் காற்று குறைவாக ஓட்டிப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள், டயர்மேல் தப்பே இல்லை.

எங்கள் பக்கம் வேலிகாத்தான் முள் அதிகம். நாம் பிடுங்கும்போது அடி கையோடு வந்துவிடும், முனை டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். பஞ்சர் கடைக்காரர் பேத்தியின் முன் டயருக்குள் ஒரு பஞ்சுத் துண்டை விட்டு மெதுவாகச் சுற்றி இழுத்தார். ஓரிடத்தில் பஞ்சு சிக்கி நூலாய் நீண்டது. குறடால் இழுத்தால் எள்ளளவு முள். இரண்டு மாதத்தில் மூன்று பஞ்சர் ஒட்டியதற்கெல்லாம் காரணம் அதுதான்.

அன்றைக்கே சரியான அளவில் டயரும் பியூட்டைல் டியூபும் வாங்கினேன். ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. புதியதை முன்னால் போடச் சொன்னேன். பாரம் பின்சக்கரத்தில்தான் விழுகிறது, அதுதான் சீக்கிரம் தேயும். முன்னால் ஓடிக்கொண்டிருந்த டயர் பின்னால் போகட்டும். முன் டயர் ஓடும்போது வெடித்தால் வண்டி கையில் நிற்காது, ஓட்டுவது பிள்ளை.

எங்கள் தெருவிலேயே அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த சைக்கிள் மூன்று, திண்ணை ஓரம் காற்றில்லாமல் நிற்கின்றன. டயர் அளவு தெரியாமல் இரண்டு கடை ஏறி இறங்கியபின் அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த வீடுகளுக்குப் போய் மூன்று டயரின் எண்களையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கிழிந்த பழைய டியூபை எறியவில்லை. தபால் மூட்டையைக் கேரியரில் அந்த நாளில் எதனால் கட்டினேனோ அதே மாதிரி, இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, பேத்தியின் புத்தகப் பைக்குக் கட்டிக் கொடுத்தேன்.