டைல் பதிக்கும் முன் தரையின் மட்டம்

பேத்தமங்களாவிலிருந்து வீட்டுப் புதுப்பிப்புக் கடன் கேட்டு வருவோரின் மதிப்பீட்டுத் தாளில் பெரும்பாலும் முதல் வரியில் நிற்பது டைல் தரைதான். இவ்வூர் ஏரித் தண்ணீர் தங்கவயல் சுரங்கங்களுக்குச் சென்ற காலத்து வீடுகள் பல இன்றும் இங்கே உள்ளன. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் பெங்களூருக்கு ரயிலேறும் பிள்ளைகளின் சம்பளமே பல வீடுகளைப் புதுப்பிக்கிறது. சிவப்பு ஆக்சைடு தரைமீதும் கடப்பைக் கல்மீதும் இப்போது 2 அடிக்கு 2 அடி டைல்கள் ஏறுகின்றன.

அவ்வாறு டைல் பதித்த வாடிக்கையாளர் ஒருவரின் கூடத்தில், ஓராண்டு முடியுமுன் நடுவிலிருந்த டைல்கள் விரிசல் விட்டன. விரலை மடக்கித் தட்டினால் வெற்றோசை கேட்டது. டைல் தரமற்றது என்றே அவர் கருதினார். பெயர்த்துப் பார்த்தபோது பழைய தரை நடுவில் ஏறத்தாழ 1 செ.மீ. தாழ்ந்திருந்தது, அங்கே பசை டைலை முழுமையாகப் பற்றவில்லை. டைல் உடைந்தது, கடன் தவணை நிற்கவில்லை.

முன்பு கொத்தனார்கள் கனமான சிமெண்ட் சாந்தைப் பரப்பி, டைலைத் தட்டித் தட்டியே மட்டத்தைச் சரிசெய்தனர். அம்முறை இன்றும் நல்ல முறையே. அதற்குத் தனி மட்டக் கலவை தேவையில்லை. ஆனால் பழைய தரையை உடைக்காமல் மேலே பதிக்கும்போது கனமான சாந்துக்கு இடமிராது, கதவுகள் இடிக்கும். எனவே சில மில்லிமீட்டர் பசையில் டைலை ஒட்டுகிறார்கள். பள்ளத்தை நிரப்புவது பசையின் வேலையன்று. அதற்கென்றே வந்துள்ளது செல்ஃப் லெவலிங் சிமெண்ட். நீரைப் போல் ஓடித் தானே மட்டமாகும் வண்ணம் சேர்மானங்கள் கலந்த சிமெண்ட் பொடி அது.

தேவையா என்பதை அறிய, 10 அடி நேர்ப்பலகை ஒன்றைத் தரையில் வைத்துப் பார்த்தால் போதும். ஒரு பக்கமாவது 15 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள டைலுக்குப் பலகைக்கடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது என்பது அமெரிக்க டைல் துறையின் விதி. சிறிய டைலுக்கு 6 மி.மீ. வரை பொறுக்கலாம்.

வேலையில் பிழை நேர்வது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, பழைய தரையின் மெழுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தேய்த்தெடுக்காமல், பிரைமர் பூசாமல் ஊற்றுவது. மற்றொன்று தண்ணீர். நம் கொத்தனார்களின் கண்ணளவு வேறெதற்கும் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. மூட்டையில் அச்சிட்ட அளவை மீறினால் மேற்பரப்பு பொடியாகி, டைலும் பசையும் அதனோடு பெயர்ந்துவரும். கலந்த கலவை சில நிமிடங்களே ஓடும். ஆகவே ஒரு அறையை ஒரே மூச்சில் முடித்தல் வேண்டும். வாசற்படியில் பலகை அடைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுவது நல்லது.

10 அடிக்கு 12 அடி அறையில் சராசரி 5 மி.மீ. கனத்துக்கு ஏறத்தாழ 95 கிலோ பொடி தேவை. 25 கிலோ மூட்டையானால் நான்கு. குளியலறைக்கு இது வேண்டாம், அங்கே நீர் வடியச் சரிவு வேண்டும். அடியிலிருந்து ஈரம் ஏறும் தரையிலும், விரிசல் இன்னும் அகன்றுகொண்டிருக்கும் தரையிலும் முதலில் அக்குறையை நீக்க வேண்டும்.

மதிப்பீட்டில் இச்செலவு பெரும்பாலும் விடுபடுகிறது. பாதி வேலையில் பணம் குறையும்போது முதலில் கைவிடப்படுவதும் இதுவே. கடன் விண்ணப்பத்திலேயே இதைத் தனி வரியாக எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இறுதித் தொகையை விடுவிக்கும் முன் வரும் பொறியாளர் டைலின் மேற்பரப்பை மட்டுமே காண இயலும். ஆதலால் மட்டக் கலவை உலர்ந்தவுடன், டைல் மூடுமுன், நேர்ப்பலகை வைத்து ஒரு புகைப்படம் எடுத்து, மூட்டைகளின் ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள்.