டச்சு எங்கே வேர்விட்டது?

டச்சு மொழி என்றால் நமக்கு நெதர்லாந்துதான் நினைவுக்கு வரும். அதைத் தாய்மொழியாகக் கொண்ட ஏறத்தாழ 2.4 கோடிப் பேரில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள். அடுத்த இடம் பெல்ஜியத்தின் வடபகுதியான ஃபிளாண்டர்ஸுக்கு. பெல்ஜியம் பிரெஞ்சு பேசும் நாடு என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அங்கே டச்சு பேசுபவர்கள்தான் பெரும்பான்மை. அப்படியிருந்தும் ஆட்சியும் நீதிமன்றமும் உயர்கல்வியும் நெடுங்காலம் பிரெஞ்சின் கையில் இருந்தன. அதனால் எழுந்த மனக்கசப்பு முற்றி, 1968-இல் லூவன் பல்கலைக்கழகத்தை மொழிவாரியாகப் பிரிக்க முடிவானது. நூலகத்தையும் பங்கு போட்டார்கள். அடுக்கு எண் ஒற்றைப்படையானால் ஒரு பக்கம், இரட்டைப்படையானால் மறுபக்கம்!

ஐரோப்பாவுக்கு வெளியே நிலைமை வேறு. அரூபா, குராசாவ் தீவுகளில் டச்சு ஆட்சிமொழிதான். ஆனால் வீட்டில் புழங்குவது பாப்பியமெந்து என்ற மொழி. தென்னாப்பிரிக்காவில் டச்சிலிருந்து பிறந்த ஆஃப்ரிகான்ஸ் இன்று தனிமொழி.

என்னை மிகவும் ஈர்ப்பது தென்னமெரிக்காவின் சுரினாம்தான். சுமார் 6 லட்சம் பேர் வாழும் சின்ன நாடு. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு டச்சு தாய்மொழி. இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க, இந்திய, ஜாவானிய வழிவந்தவர்கள். அடிமைமுறை 1863-இல் ஒழிந்தது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமென்று 1873-இல் கல்கத்தாவிலிருந்து 'லாலா ரூக்' என்ற கப்பலில் முதல் இந்தியக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். 1890 முதல் ஜாவாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆளுக்கொரு மொழி. சந்தையில் எல்லோரையும் சேர்த்துவைத்தது, அடிமைகள் உருவாக்கிய சிரானன் டோங்கோ என்ற மொழி. இன்றும் தலைநகர் பரமாரிபோவில் ஒரே குடும்பத்தில் பாட்டியிடம் சர்னாமி இந்தி, பிள்ளையிடம் டச்சு, காய்கறிக்காரரிடம் சிரானன் என்று மாறிமாறிப் பேசுவது சகஜம்.

டச்சு வீட்டுக்குள் நுழைந்தது பள்ளிக்கூடத்தின் வழியாக. 1876-இல் சுரினாமில் கட்டாயக் கல்வி வந்தது, பாடமெல்லாம் டச்சில். சிரானனுக்கு வகுப்பறையில் இடமில்லை. அந்தக் கொள்கையில் இருந்த அவமதிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அதன் விளைவாக டச்சு அந்த மக்களின் சொந்த மொழியாகவே ஆகிவிட்டது. 1975-இல் விடுதலை பெற்ற பிறகும் சட்டமன்றமும் பள்ளியும் செய்தித்தாளும் டச்சிலேயே தொடர்ந்தன.

இந்தோனேசியாவில் நடந்ததோ நேர்மாறு. டச்சுக்காரர்கள் அங்கே எத்தனையோ தலைமுறை ஆண்டார்கள். ஆனால் ஊர்மக்களோடு மலாயில் பேசி நிர்வாகத்தை நடத்தினார்கள். டச்சுப் பள்ளி மேல்தட்டுக்கு மட்டும். 1942-இல் ஜப்பானியர் வந்து டச்சைத் தடைசெய்தபோது, கோடிக்கணக்கான மக்களுக்கு அதனால் இழப்பு எதுவும் இல்லை. விடுதலைக்குப் பிறகு மலாயே இந்தோனேசிய மொழியாக எழுந்தது. பழைய சட்ட ஏடுகளைப் படிக்க வேண்டியவர்கள்தான் பிறகும் டச்சோடு மல்லுக்கட்டினார்கள்.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. யாழ்ப்பாணத்தை 1658-இல் பிடித்த ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், 1795 வரை இருந்தார்கள். அவர்கள் மொழி அங்கும் மக்களிடம் ஊன்றவில்லை. ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளை 1707-இல் தொகுத்து எழுதியவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற டச்சு அதிகாரி. டச்சில் எழுதிய அந்தத் தொகுப்பைத் தமிழாக்கி, ஊர் முதலியார்கள் பன்னிருவரிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். அதுதான் தேசவழமை. யாழ்ப்பாணத்தில் சொத்தும் சீதனமும் வழக்குக்கு வந்தால், நீதிமன்றம் இன்றும் அந்தச் சட்டத்தைப் பார்க்கிறது.