மண்ணுக்குள் மண்

மாரண்டஹள்ளிப் பக்கம் புதிதாக வெட்டிய கிணறு இருந்தால், உச்சி வெயிலில் அதன் உட்சுவரைப் பாருங்கள். மேலே செம்மண், அதன் அடியில் வெங்கச்சங்கல் துண்டுகள் ஒரு வரிசையாக, அதற்கும் கீழே கையால் உதிர்க்கக்கூடிய மக்கிய பாறை, பிறகு கெட்டிப் பாறை. அந்தக் கல் வரிசையே ஒரு காலத்தில் தரையாக இருந்தது, செம்மண் பின்னர் வந்து மூடிற்று என்று சொல்லத் தோன்றும்.

அவசரப்படக் கூடாது. வெப்ப நாடுகளில் கறையான் ஒரு பெரிய உழவன். அடியிலுள்ள நுண்துகள்களை மட்டும் மேலே கொண்டுவந்து புற்றுக் கட்டுகிறது. புற்று மழையில் கரைந்து பரவுகிறது. இவ்வேலை பல்லாயிரம் ஆண்டுகள் நடந்தால், கறையானால் தூக்க முடியாத கற்கள் அடியில் வரிசையாகத் தங்கிவிடும். வெளியிலிருந்து எதுவும் வந்து மூடாமலே மூடியது போன்ற தோற்றம்!

சிவப்பு நிறமும் நம்பத்தக்க சாட்சி அன்று. இரும்பு ஆக்சிசனுடன் சேர்ந்து ஹேமடைட் ஆகும்போது மண் சிவக்கிறது. சிவந்த மணலைக் காற்று வேறிடத்தில் கொட்டினால் அங்கும் அது சிவப்பாகவே இருக்கும்.

பின் எதைப் பார்ப்பது? ஆறோ காற்றோ கொட்டிய படிவு உடனே மண்ணாகிவிடாது. தரையாக நெடுங்காலம் கிடந்து, வேரும் புழுவும் புகுந்து, மழைநீர் ஊறிய பின்னரே அது மண். அந்த வாழ்க்கையின் தழும்புகளைத் தேட வேண்டும். வேர் ஓடிய குழல்கள், சுக்கான் கட்டிகள், மண்கட்டிகளின் முகத்தில் மெழுகு பூசினாற்போல் படிந்த களி ஆகியவை அத்தகையன. எல்லைகளையும் பாருங்கள். புதையுண்ட மண்ணின் மேல் விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும். கீழ் விளிம்போ சிறிது சிறிதாக அடிப்படிவில் கலந்து மறையும். நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். ஆனால் ஒரே தழும்பை வைத்து முடிவு கட்டக் கூடாது.

இதற்கு நல்ல களம் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிகள். குதிரைமொழி, சாத்தான்குளம் பகுதிகளின் மணல்மேடுகள் பார்வைக்கு எல்லாம் ஒரே சிவப்பு. தோண்டினால் வேறுபாடு தெரியும். கீழே களி பிடித்து இறுகிய பழைய மணல்; மேலே காற்றில் அலையும் தளர்ந்த மணல். இங்கு கிடைக்கும் நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்ச்சின் ஆகியோர் 1956-இல் எழுதினர். பழைய கடல்மட்டத்தை அடிப்படையாக வைத்து, அவற்றின் காலம் கி.மு. 4000 அளவு என மதிப்பிட்டனர். இங்கே ஒரு சிக்கல் உண்டு. காற்று மணலை மட்டும் அள்ளிச் செல்லும்; கல் இறங்கித் தங்கும். இதனால் வெவ்வேறு காலத்துக் கருவிகள் ஒரே தரையில் கலந்து கிடக்கலாம். கருவி எந்த மண்ணுக்குள் இருந்தது என்று தெரியாவிட்டால் அதைச் செய்த மனிதனின் காலமும் தெரியாது.

மணலின் வயதைச் சொல்ல இயற்பியல் துணை வருகிறது. சுற்றிலுமுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சால் குவார்ட்சு மணியில் எலெக்ட்ரான்கள் சிறைப்படுகின்றன. வெயில் பட்டால் விடுதலையாகின்றன; புதைந்ததும் மீண்டும் சேரத் தொடங்குகின்றன. ஆய்வகத்தில் ஒளி பாய்ச்சினால், சேர்ந்தவை மங்கிய ஒளியாக வெளிப்படும். அதிலிருந்து கண்ட மொத்தக் கதிர் அளவை ஓராண்டின் அளவால் வகுக்க வேண்டும். மொத்தம் 20 கிரே, ஆயிரம் ஆண்டுக்கு 2 கிரே என்றால் வயது 10,000 ஆண்டு. தேரி மணலில் இம்முறையைக் கையாண்டு 2012-இல் வெளியிட்ட முடிவுகள், மணல் சிவந்தது ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதன்று என்றும், மணல் குவிவது 5,600 ஆண்டுகளுக்கு முன் ஓய்ந்தது என்றும் காட்டின.

கிடைப்பது மணல் கடைசியாக வெயில் கண்ட நாளே. மண் உருவான நாள் அன்று. ஆகவே புதைந்த மண்ணுக்குக் கீழும் மேலும் இரண்டு மாதிரிகள் எடுப்பர். மண்ணின் வாழ்நாள் அவ்விரு வயதுகளுக்கு இடையில் அடங்கும். மாதிரி எடுக்க, இரும்புக் குழாயைச் சுவரில் அடித்து இறக்கி, இரு முனைகளையும் உடனே கறுப்புத் துணியால் மூடிவிடுவர். ஆய்வகத்தின் மங்கிய சிவப்பு விளக்கில்தான் அதைத் திறப்பர். வழியில் சில நிமிடம் வெயில் பட்டாலும் போதும், பல்லாயிரம் ஆண்டுக் கணக்கு அழிந்துவிடும்.