தள்ளிப்போகும் தேதி

அக்டோபர் வந்தால் இளஞ்சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு, கட்டியைத் தடவிப் பாருங்கள், சீக்கிரம் வாருங்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். சீக்கிரம் வராதவர்களைப் பற்றி அந்த மேடைகளில் பேச்சு மூச்சில்லை. மார்பகப் புற்றுநோய் வேறு உறுப்புக்குப் பரவிய பிறகு வருகிறவர்களில் சிலர் ஐந்தாறு வருடம் ஓட்டிவிடுகிறார்கள். சிலருக்கு ஒரு வருடம்கூடத் தாங்குவதில்லை. ஏன்?

மருத்துவர்கள் முதலில் கட்டியின் ரகத்தைத்தான் சொல்வார்கள். ஹார்மோன் ரகம் பெரும்பாலும் மாத்திரைக்கு அடங்கும். ஹெர்-2 ரகம் ஒரு காலத்தில் ஆளை வாரிக்கொண்டு போனது. 1998இல் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து புழக்கத்துக்கு வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. பொல்லாதது, இந்த இரண்டிலும் சேராத டிரிப்பிள் நெகட்டிவ். மேலை நாடுகளில் மார்பகப் புற்றுநோயாளிகள் நூறில் 10, 15 பேருக்கு வருவது, இந்தியாவில் 30 பேரை ஒட்டி வருகிறது. எலும்போடு நின்றால் கொஞ்சம் காலம் கிடைக்கும். ஈரலுக்கும் மூளைக்கும் போய்விட்டால் கஷ்டம். முதல் சிகிச்சை முடிந்து இரண்டு வருடத்துக்குள் நோய் திரும்பினாலும் நல்லதல்ல.

இதெல்லாம் உடம்பின் கணக்கு. புற்றுநோய்ப் பிரிவின் வாசல் பெஞ்சில் ஒரு முற்பகல் உட்கார்ந்திருந்தபோது என் காதில் விழுந்தது வேறு.

"போன மாசம் ஏன்க்கா வரல?" என்றார் செவிலியர்.

"பொண்ணுக்குத் தலைப்பிரசவம்மா. நான் இங்க வந்துட்டா அங்க யாரு பாக்குறது?"

"மாத்திரை?"

"வலிதான் போயிடுச்சே..."

வலியைப் போக்கியதே அந்த மாத்திரைதான் என்று செவிலியர் பொறுமையாகச் சொன்னார். லெட்ரோசோல் என்ற அந்த மாத்திரை பொட்டு மாதிரி இருக்கிறது. தினம் ஒன்று, வருடக்கணக்கில். இவ்வளவு சின்னதா இத்தனை பெரிய நோயைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நம்பத்தான் மனம் வருவதில்லை.

நம் குடும்பங்களுக்கு ஆபரேஷன் புரியும். நகை அடகுக்குப் போகும், மாமன் மச்சான் எல்லாரும் கூடுவார்கள், கல்யாணம் மாதிரி நடத்தி முடிப்பார்கள். "மார்பையே எடுத்துடுங்க டாக்டர்" என்று கேட்பதும் அதனால்தான். ஆனால் மும்பையில் 2005 முதல் 2013 வரை, பரவிய நிலையில் இருந்த 350 பெண்களை வைத்து இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். முதல்கட்ட மருந்துக்கு நோய் அடங்கியவர்கள் அவர்கள். அறுவையும் கதிரியக்கமும் பெற்றவர்களில் பாதிப் பேர் தாண்டிய காலம் 19.2 மாதம், பெறாதவர்களில் 20.5. மார்பை எடுத்ததால் ஆயுள் கூடவில்லை. கூட்டவல்லது மருந்துதான். அதற்குத்தான் மூன்றாவது மாதத்தில் துணைக்கு வர ஆளில்லை, பஸ்ஸுக்குக் காசில்லை, வீட்டில் விசேஷம்.

விட்டுவிட்டு வருகிறவர் திரும்பி வரும்போது மருத்துவர் ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் அவர் நடந்து வருவதைத்தான் பார்க்கிறார். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கிடக்கிறாரா என்பது அவர்களுக்கு ஓர் அளவுகோல். ஆம் என்றால் கடுமையான மருந்தைக் கொடுக்கவே யோசிப்பார்கள். மூன்று மாதம் முன்னால் தாங்கியிருக்கக்கூடிய உடம்பு அது.

தேதி தவறாமல் வந்தும் கைவிட்டுப் போனவர்கள் நிறைய, ரகம் அப்படி என்றார் ஒரு மருத்துவர். இருக்கலாம். எனக்கென்னவோ அந்தப் பெஞ்சை விட்டு மனம் நகரவில்லை. ஆண்கள் வார்டில் பெண்டாட்டியோ மகளோ பக்கத்திலேயே இருக்கிறார்கள். இங்கே பாதிப் பேர் தனியாக, மஞ்சள் பையோடு.

செவிலியர் ஃபைல் அட்டையில் அடுத்த தேதியை எழுதி நீட்டினார். அந்த அம்மாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அன்னிக்குத்தான் பேத்திக்குத் தொட்டில் போடுறோம். ஒரு வாரம் தள்ளிப் போட்டுக் குடும்மா."