மூஞ்சியை மாத்தாதீங்க... லைட்டை மாத்துங்க!

உங்க ஐ.டி. கார்டை எடுத்து ஒரு தடவை பாருங்க. பார்த்தாச்சா? 'இது நான்தானா?'னு டவுட் வருதா? கவலைப்படாதீங்க, எங்க கிளாஸ்ல முக்கால்வாசிப் பேருக்கு அதே ஃபீலிங்தான். தப்பு உங்க முகத்துல இல்லை பாஸ், அதுமேல விழுந்த வெளிச்சத்துல!

இதை நான் கத்துக்கிட்டதே ஒரு மெகா சொதப்பல்ல இருந்துதான். ப்ளேஸ்மென்ட் ரெஸ்யூமுக்கு எல்லாருக்கும் நானே போட்டோ எடுத்துத் தர்றேன்னு சவால் விட்டேன். மெஸ் பில்லுல மிச்சம் பிடிச்ச காசுல ஒரு ரிங் லைட் வாங்கி, ஹாஸ்டல் ரூமையே ஸ்டுடியோ ஆக்கியாச்சு. முதல்ல வந்து உட்கார்ந்தது என் ரூம்மேட். என்னை மாதிரியே நல்ல கறுப்பு, கண்ணாடி போட்டவன். ரிசல்ட்? நெத்தியும் மூக்கு நுனியும் எண்ணெய் தடவின மாதிரி பளபள. கண்ணாடியில ரெண்டு வெள்ளை வளையம். சமாளிக்கறதா நினைச்சு, கம்ப்யூட்டர்ல கலரை ரெண்டு ஷேடு ஏத்திக் கொடுத்தேன். அவன் கோபப்படலை. ''நல்லாத்தான்டா இருக்கு... ஆனா, இது நான் இல்லையே''ன்னான். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

பெருசா, பக்கத்துல!

ரிங் லைட் மேல தப்பில்லை. ரிங் ஃப்ளாஷ் முதல்ல வந்ததே பல் டாக்டர்களுக்காகத்தான். வாய்க்குள்ள நிழல் விழாம போட்டோ எடுக்கணுமே! அதையே முகத்துக்கு நேரா வெச்சா, மூக்கோட நிழலும் காணாமப் போகும், முகத்தோட வடிவமும் சேர்ந்து போயிடும்.

அப்ப எது நல்ல லைட்? வாட்ஸைப் பார்க்காதீங்க, சைஸைப் பாருங்க. வெளிச்சம் வர்ற பரப்பு பெருசா, முகத்துக்குப் பக்கத்துல இருந்தா நிழல் மெதுவா கரையும். சின்னதா, தூரத்துல இருந்தா கத்தி மாதிரி வெட்டும். சூரியனோட குறுக்களவு சுமார் 14 லட்சம் கி.மீ. ஆனா, 15 கோடி கி.மீ. தள்ளி இருக்கறதால நமக்கு அது சின்னப் பொட்டு. அதான் மத்தியான வெயில்ல எடுத்தா கண்ணுக்குக் கீழ குழி விழுது. அதே சூரியனுக்கு மேகம் திரை போட்டா, வானம் முழுக்க லைட் ஆயிடும்!

முதல்ல என்ன வாங்கலாம்?

எதுவும் வாங்காதீங்க! நேர் வெயில் படாத ஜன்னல் போதும். ஜன்னல் பக்கவாட்டுல இருக்கிற மாதிரி ஆளை உட்கார வைங்க. இருட்டா இருக்கற அந்தப் பக்கம் ஒரு வெள்ளை தெர்மாகோல் ஷீட்டைப் பிடிங்க. சினிமா ஷூட்டிங்ல பார்த்திருப்பீங்களே, அதேதான். கூடவே, முகத்தை ஒத்தி எடுக்க ஒரு டிஷ்யூ பேப்பர். பளபளப்பு பாதி காலி!

ராத்திரியும் எடுக்கணுமா? அப்ப ஒரு எல்.ஈ.டி. லைட், ஸ்டாண்டு, 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ். குடை விலை குறைச்சல்தான். ஆனா, வெளிச்சம் நாலாபக்கமும் சிதறி, பச்சைச் சுவர் இருந்தா முகத்துக்கும் பச்சை அடிச்சிடும். பெட்டியில சி.ஆர்.ஐ. 95-க்கு மேலன்னு போட்டிருக்கான்னு பாருங்க. தோல் நிறத்தை உள்ளபடி காட்டுறதுக்கான மார்க் அது, மொத்தம் 100-க்கு. பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின். லைட்டும் அதே அளவுல இருந்தா ஜன்னலோட சண்டை போடாது. ரூம் ட்யூப் லைட்டை மறக்காம அணைச்சிடுங்க.

லைட்டை 45 டிகிரி பக்கவாட்டுல, கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேல வைங்க. கண்ணாடி போட்டவங்களுக்கு இன்னும் கொஞ்சம் உயர்த்தணும். தூரத்தை ரெண்டு மடங்காக்கினா வெளிச்சம் கால்வாசிதான் மிஞ்சும். பிளஸ் டூ ஃபிசிக்ஸ் இங்கேதான் வேலைக்கு ஆகுது மக்களே!

'ஷெர்லி'யைத் தெரியுமா?

ஃபிலிம் காலத்துல, பிரின்ட் கலர் சரியா வருதான்னு பார்க்க லேப்கள்ல கோடக் நிறுவனம் கொடுத்த கார்டு ஒண்ணு இருந்துச்சு. அதுல சிரிச்சது ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு. 'ஷெர்லி கார்டு'ன்னு பேர். அவ முகம் சரியா வந்தா எல்லாம் சரி! பல நிற முகங்களோட கார்டு வந்தது 1990-கள்லதான். ஆக, கறுப்பு முகம் போட்டோவுல அழகா வராதுங்கறது சுத்தப் பொய். அதுக்காக யாரும் மெனக்கெடலைங்கறதுதான் நிஜம்.

இன்னொரு வில்லன், பின்னாடி இருக்கற வெள்ளைச் சுவர். கேமரா அதைப் பார்த்து மிரண்டு, மொத்த வெளிச்சத்தையும் குறைச்சிடும். முகம் இருண்டு போகும். உடனே நாம என்ன பண்றோம்? முகத்தை வெள்ளையடிக்கறோம்! அதுக்குப் பதிலா, ஸ்கிரீன்ல முகத்தைத் தொட்டு எக்ஸ்போஷரைச் சரி பண்ணுங்க. கறுப்புத் தோல்ல பெரிய லைட் பக்கவாட்டுல இருந்து படும்போது, கன்னத்துலயும் தாடையிலயும் மெல்லிசா ஒரு ஒளி வழுக்கிட்டுப் போகும் பாருங்க... அந்த அழகை எந்த சாஃப்ட்வேரும் தராது.

ரூம்மேட்டை மறுபடி உட்கார வெச்சேன். மாடிப்படி ஜன்னல், சாயங்காலம் நாலரை மணி, ஒரு தெர்மாகோல். கலர்ல கை வைக்கவே இல்லை. போட்டோவைப் பார்த்தவன் ஒண்ணுமே சொல்லாம ஊர்ல இருக்கற அம்மாவுக்கு அனுப்பிட்டான். கொஞ்ச நேரத்துல போன் வந்துச்சு. ''என் புள்ள அப்படியே இருக்கான்''னாங்களாம்.

ரிங் லைட்டா? இப்போ அது ராத்திரி ரெக்கார்டு நோட் எழுத உதவுது. வெளிச்சம் சும்மா சூப்பர்!