பழைய காரின் புதிய ஓசை

ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய காரில், இதுவரை கேட்டிராத ஓசை ஒன்று ஒரு நாள் காலையில் எழுமானால், உரிமையாளரின் உள்ளத்தில் முதலில் தோன்றும் கேள்வி பழுது எது என்பதன்று. செலவு எவ்வளவு என்பதே. எங்களுக்கும் அவ்வாறே நேர்ந்தது.

பணி மாறுதலில் நாக்பூருக்கு வந்தபோது உடன் கொண்டுவந்த டீசல் கார் அது. 2011ஆம் ஆண்டில் வாங்கியது. 1,48,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. டிசம்பர் மாதக் குளிரில் ஒரு காலை, எஞ்சினை இயக்கியதும் முன்புறத்திலிருந்து 'கரகர'வென்ற ஓசையும் இடையிடையே ஒரு தட்டலும் கேட்டன. பொங்கலுக்கு அதே காரில் சென்னைக்குச் செல்வதாகப் பெற்றோரிடம் சொல்லியிருந்தோம். வழியோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகம். முதலில் காட்டிய பணிமனையில், பானெட்டைத் திறந்து நின்றவாறே கேட்டுவிட்டு, "டைமிங் செயின் போயிருக்கிறது, எஞ்சினைப் பிரித்தால்தான் மற்றது தெரியும், எழுபதாயிரம் ஆகலாம்" என்றனர். தனிநபர் கடன் பெறலாமா என்பது வரை எங்கள் எண்ணம் சென்றது.

ஓசையை ஆராய்வதற்கு முன் பார்க்க வேண்டியது எஞ்சின் ஆயில். காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மீண்டும் செருகிப் பார்த்தால் அளவு தெரியும். பழைய எஞ்சின்கள் ஆயிலைச் சிறிது சிறிதாகக் குடிப்பவை. இரு குறிகளுக்கும் கீழே அளவு இறங்கியிருந்தால், பல ஓசைகளுக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். ஆயில் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தால் அதில் கூலன்ட் கலந்திருக்கலாம். அந்நிலையில் காரை ஓட்டலாகாது. ஓடிக்கொண்டிருக்கையில் ஆயில் அழுத்தத்தைக் குறிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தால், அருகிலுள்ள பணிமனை வரை சென்றுவிடலாம் என்று எண்ணாமல், சாலையோரம் நிறுத்தி அக்கணமே எஞ்சினை அணைத்தல் வேண்டும். அந்தச் சில கிலோமீட்டரில்தான் சிறு செலவு பெருஞ்செலவாகிறது.

அடுத்தது, ஓசை எதனோடு சேர்ந்து மாறுகிறது என்பது. கார் நின்றிருக்கையில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஓசை விரைவாகிறதெனில் அது எஞ்சினைச் சார்ந்தது. நின்றால் மறைந்து, காரின் வேகத்தோடு மட்டும் கூடுகிறதெனில் சக்கர பேரிங் முதலியவற்றை ஐயுற வேண்டும். எஞ்சின் மீது பழி போடலாகாது. கிளட்சை மிதித்ததும் அடங்கும் ஓசை பெரும்பாலும் கியர் பெட்டியினுள் இருப்பது. மிதிக்கும்போது மட்டும் எழுவது கிளட்ச் ரிலீஸ் பேரிங்கினுடையது. ஏ.சி.யைப் போட்டதும் கூடுவது பெல்ட்டால் இயங்கும் பகுதிகளைச் சுட்டும்.

ஓசையின் தன்மையும் உதவும். நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுழலும்போது கேம் ஷாஃப்ட் ஒருமுறையே சுழலும். எனவே வால்வுகளின் பக்கத்திலிருந்து வரும் 'டிக் டிக்' ஓசை, எஞ்சினின் சுற்றுகளில் பாதி எண்ணிக்கையில் மெல்லியதாக மேற்புறத்தில் கேட்கும். கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்தால் எழும் 'டொக் டொக்' கனமானது; கீழ்ப்புறத்திலிருந்து வருவது; மேட்டில் ஏறும்போதும் பாரம் கூடும்போதும் வலுப்பது. அச்சத்துக்குரியது இதுவே. எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவு இருந்தாலும் குளிர்ந்த எஞ்சினில் 'டிக் டிக்' என்று ஒலிக்கும். உலோகம் சூடேறி விரிந்து இடைவெளியை அடைத்ததும் அடங்கிவிடும். இதை வால்வு ஓசையென்று கருதி ஏமாறுவோர் பலர்.

டைமிங் செயினுக்கு வருவோம். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பல எஞ்சின்களில் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. ஆகவே தளர்ந்த செயின், இயக்கிய முதல் சில நொடிகளில் சலசலத்து, அழுத்தம் ஏறியதும் பெரும்பாலும் தணியும். எங்கள் காரின் ஓசையோ பத்து நிமிடமாகியும் தணியவில்லை, ஏ.சி.யைப் போட்டால் கூடியது. இவ்விரண்டையும் தாளில் குறித்துக்கொண்டு, அலுவலக ஓட்டுநர் சொன்ன முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம்.

அவரிடம் பெரிய கருவி எதுவும் இல்லை. நீண்ட திருப்புளி ஒன்றின் நுனியை எஞ்சினின் ஓடாத பாகங்களில் ஒவ்வொன்றாக வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். (சுழலும் பெல்ட்டுக்கு அருகே செய்வதாதலின், பழக்கமில்லாதோர் இதை முயலலாகாது.) பிறகு எஞ்சினை அணைத்து, வெளிப்புற பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டார். ஓசை முற்றிலும் நின்றது. செயின் எஞ்சினுக்குள் அப்போதும் ஓடிக்கொண்டுதானே இருந்தது! எனவே குற்றம் பெல்ட்டின் வழியில்தான். புல்லிகளைக் கையால் சுற்றிப் பார்த்தார். பெல்ட் டென்ஷனரின் புல்லி மணல் அரைப்பதுபோல் உரசியது. புல்லி, புதிய பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது.

முதற்பணிமனையார் ஏமாற்ற எண்ணினர் என்று நாங்கள் கருதவில்லை. சோதிக்காமல் சொன்னார்கள், அவ்வளவே. எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரிடம், எந்தச் சோதனையால் அம்முடிவுக்கு வந்தார் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. ஓசை காலையில் மட்டும் எழுமானால் கைபேசியில் பதிவுசெய்து காட்டலாம். அல்லது முந்தைய இரவே காரைப் பணிமனையில் விட்டுவிடலாம். வழக்கமான மோட்டார் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் ஏற்பதில்லை என்பதால், இச்செலவு முழுதும் நம் கையிருப்பிலிருந்தே செல்கிறது.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னதாகப் புறப்பட்டோம். அடிலாபாத்தைக் கடந்து தேநீருக்காக நிறுத்தியபோது டிப்ஸ்டிக்கை ஒருமுறை இழுத்துப் பார்த்தோம். ஆயில் மேற்குறியை ஒட்டியே இருந்தது.