ருசி பார்க்கும் குட்டிக் கோப்பை

சம்பளம் போட்ட மறுநாள் பட்டணத்துப் பேரங்காடிக்குப் போனால், சில இடங்களில் மது விற்கும் பக்கம் ஒரு பெண் நின்று, "வாங்க அண்ணே, சும்மா ருசி பாருங்க!" என்று குட்டிக் கோப்பையை நீட்டுவார். காசில்லாமல் வருவதை வேண்டாமென்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

முதலில் போத்தலைத் திருப்பி, அதில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். பீரில் சாராயச் சத்து சுமார் 5 விழுக்காடு. ஒயினில் 12, 13. பிராந்தி, விஸ்கியில் 40. கோப்பைக்கு 15 மில்லிலிட்டர் என்றாலும், மூன்று கோப்பை பிராந்தியில் 18 மில்லிலிட்டர் சாராயம் உள்ளே போய்விடும். 330 மில்லிலிட்டர் பீர் டின்னில் இருப்பதோ பதினாறரைதான்!

ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் வாயில் வைத்துச் சுவைத்துவிட்டுத் துப்பிவிடுவார்கள். நம் வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். "நான் எங்கே குடித்தேன்?" என்று மோட்டார் சைக்கிளை முடுக்குவார். சாமான் பையோடு பின்னால் ஏறும் மனைவிக்கல்லவா நெஞ்சு படபடக்கிறது!